ஆசிரியர் பணிச்சோர்வு: டெல்டா பள்ளிகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவை அரசு, உதவிபெறும், தனியார் பள்ளிகளுக்குப் பொதுவானவை. வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

பணிச்சோர்வு என்றால் வெறும் அலுப்புதானே?

அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். பொங்கல் விடுமுறை முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, பள்ளி திறக்கும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே கால் பின்னால் இழுத்தால் அது வேறு சங்கதி.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1980களின் தொடக்கத்தில் இதை மூன்று கூறுகளாகப் பிரித்தார். முதலாவது, மனம் வற்றிப்போவது. இரண்டாவது, பிள்ளைகளிடமிருந்து விலகிப்போவது: பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் "ஏய், மூணாவது பெஞ்ச்" என்பார், "இதுங்க எங்க உருப்படப் போகுது" என்பார். மூன்றாவது, "நான் சொல்லிக்கொடுத்து என்ன ஆகிவிடப் போகிறது" என்ற நினைப்பு. பெரும்பாலும் வற்றிப்போவதுதான் முதலில் வரும். மிச்சமிருக்கும் தெம்பையாவது காப்பாற்றிக்கொள்ள மனம் போடும் வேலிதான் அந்த விலகல். ஆகவே, கடுகடுவென்று ஆகிவிட்ட ஓர் ஆசிரியரைப் பார்த்து 'ஆள் மாறிவிட்டார்' என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருடைய டைம் டேபிளைப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பணிச்சோர்வை நோய் என்று சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும், வேலை சார்ந்த நிலை என்று வைத்திருக்கிறார்கள். காரணத்தை வேலை நடக்கும் இடத்திலும் தேட வேண்டும் என்பது அந்த வரையறையிலேயே இருக்கிறது.

மனச்சோர்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆனால் ஒன்று மற்றொன்றில் போய் முடியலாம். பணிச்சோர்வு வேலையோடு ஒட்டியது. ஞாயிறு மாலை நெஞ்சு கனக்கும். சனிக்கிழமை தங்கை வீட்டு விசேஷத்தில் சிரிக்க முடியும். மனச்சோர்வில் அந்த விசேஷமும் ருசிக்காது. எதிலும் நாட்டமின்மை, தூக்கக் கெடுதல், பசி மாறுதல், தன்மேல் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

அதோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைவு இரண்டும் இதே களைப்பை, இதே எரிச்சலைக் கொண்டுவரும். மாத்திரையில் தீரக்கூடியதை மனசின் குறை என்று சுமந்துகொண்டு திரிபவர்கள் நிறைய.

எனக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாஸ்லாக்கின் அளவுகோலில் 22 கேள்விகள் உண்டு. வீட்டில் அதைத் தேடி அலைய வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். இரண்டு வாரம் தினமும் மூன்று நேரம் எழுதுங்கள்: முதல் மணி அடிக்கும்முன், சாப்பாட்டு இடைவேளையில், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரே வரி. தெம்பு 0 முதல் 5 வரை எவ்வளவு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள், யாரோடு இருந்தீர்கள்.

பத்து வேலை நாள் முடிந்ததும் 0, 1 போட்ட வரிகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வகுப்பறைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, வட்டங்கள் எல்லாம் எமிஸ் பதிவையும் (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை) சப்ஸ்டிட்யூட் பீரியடையும் (வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது) சுற்றியே விழுந்திருக்கலாம். காலை வரியே தினமும் 1 என்றால் பிரச்சினை தூக்கத்தில், அல்லது பயணத்தில். இந்த நோட்டில் நடக்கும் ஒரே தவறு, இரவில் உட்கார்ந்து நாள் முழுவதையும் சேர்த்து எழுதுவது. அப்படி எழுதினால் அன்று கடைசியாக நடந்த சண்டைதான் எல்லா வரியிலும் இருக்கும்.

டெல்டாவில் மட்டும் தனியாக என்ன இருக்கிறது?

காலண்டர். ஜூனில் பள்ளி திறக்கும். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, ஆகவே நாகை, வேதாரண்யம் பக்கம் மீனவர் வீட்டில் கையில் காசு இருக்காது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் வேலை. தண்ணீர் தள்ளிப்போனால் அப்பா திருப்பூருக்குப் போய்விடுவார், பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. விடியற்காலையில் டிவியில் விடுமுறை அறிவிப்பு, பிறகு அதை ஈடுகட்ட சனிக்கிழமை வேலை நாள். வாக்காளர் பட்டியல் திருத்தமும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வரும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கும் ஆசிரியர் பள்ளி முடிந்து தெருத்தெருவாகப் போக வேண்டும். தை பிறந்தால் சம்பா அறுவடை. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிடுவாள். மார்ச்சில் பொதுத்தேர்வு.

அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை நாட்கள் குறையும், பாடம் குறையாது. மழை விடுமுறையை ஓய்வு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் எத்தனையோ பள்ளிக் கட்டடங்கள் நிவாரண முகாம்களாயின. கூரை போன வீட்டிலிருந்து வந்த ஆசிரியர், கூரை போன வீட்டுப் பிள்ளைகளைத் தேற்ற வேண்டியிருந்தது.

உணர்ச்சித் திறன் என்றால் கோபத்தை அடக்கப் பழகுவதா?

கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். உள்ளே கொதித்துக்கொண்டே வெளியே சிரிப்பது, முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது, இதைத்தான் நல்ல ஆசிரியருக்கு அழகு என்று நாம் பழக்கியிருக்கிறோம். ஆய்வுகளில் களைப்போடு அதிகம் சேர்ந்து வருவதும் இந்த முகமூடிதான். ஒரு நாளைக்கு எட்டு பீரியட் முகமூடி போடுவதும் உழைப்பு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-இல் சொன்ன முறை நடைமுறைக்கு உதவும். ஓர் உணர்ச்சி உருவாகி வெளிப்படும் வழியில் ஐந்து இடங்களில் கை வைக்கலாம்: அந்தச் சூழ்நிலைக்குப் போவதா வேண்டாமா, போனபின் அதில் எதை மாற்றுவது, கவனத்தை எங்கே திருப்புவது, நடப்பதற்கு என்ன அர்த்தம் கொடுப்பது, கடைசியாக, பொங்கிவிட்டதை எப்படி வெளிக்காட்டுவது. அடக்குவது இந்த ஐந்தாம் இடம். பால் பொங்கியபின் மூடியை அழுத்துவது போல. முதல் நான்கில் செய்தால் செலவு குறைவு.

நான்காவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆறாம் வகுப்பில் காலை 11 மணிக்கு ஒரு பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதற்கும் பதில் சொல்லவில்லை. 'திமிர்' என்று அர்த்தம் கொடுத்தால் ரத்தம் ஏறும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் நாகை மாவட்டம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது, ஆனால் அப்போது அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். போன வருஷம் பள்ளியில் பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்ட பையன் இந்த வருஷம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கலாம். "காலையில சாப்பிட்டியாடா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி எரிச்சல் இறங்கிவிடும், அவனுக்கும் உங்களுக்கும்.

இன்னொரு திறன், பெயர் வைப்பது. வருவதையெல்லாம் 'கோபம்' என்றே சொல்லிவிடுகிறோம். அதைக் கிளறினால் உள்ளே அவமானம், பயம், ஆற்றாமை, சலிப்பு, பொறாமை, குற்ற உணர்ச்சி என்று ஏதோ ஒன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ரிசல்ட் கூட்டத்தில் எல்லார் முன்னும் கேட்ட வார்த்தை அவமானம். அதற்குத் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேச வேண்டும். வராத பிள்ளையை வரவைக்க முடியாதது ஆற்றாமை. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராவது கூடவர வேண்டும். இரண்டையும் கோபம் என்று எடுத்துக்கொண்டு போய் 7-பி-யில் கொட்டினால் எதுவும் தீராது.

வகுப்பில் தலைக்கேறும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

மதியம் 2:10. வெயில் ஜன்னலோரப் பெஞ்சில் விழுகிறது. கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் ஜியாமெட்ரி பாக்ஸ் மூன்றாவது முறையாகக் கீழே விழுகிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள். உடம்பு முதலில் சொல்லும்: தாடை இறுகும், கழுத்தில் சூடு, குரல் அரைக்கட்டை ஏறும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பதே பாதி வேலை.

திரும்ப வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடியுங்கள். பத்து விநாடி கிடைக்கும். அதற்குள் மூச்சை மூக்கு வழியாக நீளமாக ஒருமுறை வெளியே விடுங்கள். சாக்பீஸைக் கீழே வையுங்கள், ஏனென்றால் கையில் எது இருந்தாலும் அது வீசத் தோன்றும். பிறகு திரும்பி, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலை: "கார்த்தி, பாக்ஸைப் பைக்குள்ள வை. நாலாவது கணக்கு." அவன் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விடுங்கள். மீதியை மணி அடித்தபின் வராந்தாவில், மற்றவர்கள் காதில் விழாமல் பேசலாம்.

"ஏன்டா இப்படிப் பண்றே?" என்று எல்லார் முன்னும் கேட்பதுதான் இதைக் கெடுக்கும். அதற்குப் பதில் கிடையாது. நாற்பது பேர் பார்க்கும்போது அவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். நீங்களும் உங்கள் மானத்துக்காக அடுத்த படிக்குப் போவீர்கள்.

பீரியட் முடிந்தபின்னும் படபடப்பு நிற்கவில்லையென்றால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இரண்டு நிமிடம் போதும். இதைச் சாதாரண நாளில் பழகியிருக்க வேண்டும். கொதிக்கும் நாளில் முதன்முறையாகச் செய்து பார்த்துவிட்டு 'பலனில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

"ரெண்டு போடுங்க சார், அப்பத்தான் படிப்பான்" என்று பெற்றோரே சொல்கிறார்களே?

சொல்வார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோர் அனுமதி அதை மாற்றாது. பிரம்பு கைக்குப் போகும் நாட்களை மேலே சொன்ன நோட்டில் பாருங்கள். அன்று காலை தெம்பு என்ன எண்ணில் இருந்தது என்று தெரியும்.

என் சோர்வு பிள்ளைகளைப் பாதிக்குமா?

கனடாவில் 4 முதல் 7-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆசிரியருக்குப் பணிச்சோர்வு அதிகமிருந்த வகுப்புகளில் பிள்ளைகளின் காலை நேர அளவும் கூடுதலாக இருந்தது. ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறதா, சிரமமான வகுப்பு ஆசிரியரைச் சோர்த்துவிடுகிறதா என்பதை அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. இரண்டும் சுழல்கிறது என்று கொள்வதே நியாயம். குற்ற உணர்ச்சிக்கு இதைக் காரணமாக்கிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் இந்தத் திறன்களைக் கற்றுக்கொண்டால் போதுமா?

போதாது. தலைமையாசிரியர்களும் அதிகாரிகளும் கட்டாயம் படிக்க வேண்டிய பதில் இது. சம்பா வயலில் தண்ணீர் நின்றால் பயிருக்கு உரம் போட்டுப் பயனில்லை என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வடிகாலை வெட்ட வேண்டும். மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் பணியிடத்தில் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: வேலைப் பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் மதிப்பு, சக பணியாளர் உறவு, நியாயம், நாம் நம்புவதும் நம்மைச் செய்யச் சொல்வதும் ஒத்துப்போவது. பளு மட்டும்தான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில், சமமான பளுவைவிட ஒருதலைப்பட்சமான பளுதான் ஆளை வேகமாகத் தின்னும். சப்ஸ்டிட்யூட் பீரியட் யாருக்கு எத்தனை என்று ஒரு மாத ரிஜிஸ்டரைக் கூட்டிப் பாருங்கள். 'மறுப்புச் சொல்லாத' இரண்டு பேர் தலையில் பாதி விழுந்திருக்கும்.

பளுவையும் கணக்காகப் பார்ப்போம். நாளைக்கு 8 பீரியட், வாரம் 40. சொந்த வகுப்பு 28, சப்ஸ்டிட்யூட் 4. மிச்சம் 8 லீஷர் பீரியட், ஒன்றுக்கு 40 நிமிடம் வீதம் 320 நிமிடம். ஐந்து பிரிவுகளில் நாற்பது பேர் வீதம் 200 நோட்டு. ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் 400 நிமிடம். தண்ணீர்கூடக் குடிக்காமல் திருத்தினாலும் 80 நிமிடம் துண்டு விழுகிறது. எமிஸ், பாடக்குறிப்பு, பெற்றோர் வருகை எதுவும் இன்னும் சேரவில்லை. இந்தப் பற்றாக்குறையைத் தியானத்தால் அடைக்க முடியாது.

வாரம் 100 நோட்டை மட்டும், முறை மாற்றி, முழுமையாகத் திருத்தினால் 200 நிமிடம்தான். மற்ற 100-ஐ வகுப்பிலேயே விடையைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளே மாற்றித் திருத்தலாம். நீங்கள் சுருக்கொப்பம் மட்டும் போடுங்கள். இது நிலைக்க வேண்டுமானால் ஆசிரியர் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும். பார்வைக்கு வருபவர் "இந்த நோட்டில் ஏன் திருத்தம் இல்லை" என்று கேட்கும்போது காட்ட அந்தப் பக்கம் இல்லையென்றால், மறுவாரமே எல்லாரும் பழையபடி 200 நோட்டை வீட்டுக்குச் சுமப்பார்கள்.

அரசாணை எதுவும் இல்லாமல் தலைமையாசிரியர் என்ன செய்ய முடியும்?

நிறைய. சப்ஸ்டிட்யூட் எண்ணிக்கையை ஸ்டாஃப் ரூம் சுவரில் எழுதிப் போடலாம். யாருக்கு இந்த மாதம் குறைவோ அவருக்கு அடுத்தது. வாட்ஸ்அப்பில் இரவு 7 மணிக்குமேல் செய்தி இல்லை என்று வைக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் விடுமுறைச் செய்திக்காக எல்லாரும் போனைத் திறந்தே வைத்திருப்பார்கள், அந்த வழியாகப் படிவமும் புள்ளிவிவரமும் நுழைந்துவிடும். அதனால் மழை விடுமுறைக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும் தலைமையாசிரியர் பதிவிடும் தனிக் குழு ஒன்று வேண்டும். மற்றக் குழுவை நிம்மதியாக மியூட் செய்யலாம்.

கழிப்பறையையும் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறை இருக்கும் பள்ளியில் ஆசிரியைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். பிறகு தலைவலி, குரல் கம்மல், நீர்க்கடுப்பு. ஒரு தாழ்ப்பாளும் ஒரு பக்கெட்டும் எந்த மனநலப் பயிற்சியையும்விட மலிவு.

வாரம் ஒருமுறை 20 நிமிடம் மனம்விட்டுப் பேசும் நேரம் வைக்கலாம். வெள்ளி மாலை வேண்டாம், எல்லார் கண்ணும் 4:40 பஸ்மேல் இருக்கும். புதன் சாப்பாட்டு இடைவேளை சரி. எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம். இந்த வாரம் கனமாக இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். யோசனை சொல்வது அவர் கேட்டால் மட்டும். பிள்ளைகளின் குடும்ப விஷயம் அறையைத் தாண்டக் கூடாது. தலைமையாசிரியரே பதினைந்து நிமிடம் பேசினாலும், சாதி வாரியாகவோ சங்க வாரியாகவோ நாற்காலி பிரிந்திருந்தாலும் இது நடக்காது. நாற்காலி அப்படிப் பிரிந்திருக்கும் பள்ளியில் முதலில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வேலையைப் பிரித்துச் செய்ய வையுங்கள், பேச்சு அப்புறம் வரும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஸ்டாஃப் ரூமே கிடையாது.

உங்கள் சோர்வில் தனிமைதான் பெரும்பங்கு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம்) சந்திக்கும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு வாரம் இருமுறை, 15 நிமிடம், நேரம் குறித்துப் போனில் பேசுங்கள். எமிஸ் வருகைப் பதிவுக்குச் சிக்னல் தேடிக் கொடிக்கம்பத்தடியில் நிற்பதை யார் செய்வது என்று நாள் முறை வையுங்கள்; இருவரும் சேர்ந்து நின்றால் இரண்டு வகுப்பும் கலையும்.

கற்பித்தல் அல்லாத வேலையை மறுக்கலாமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது; மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றும் மட்டும் அந்தத் தடைக்கு விலக்கு, அதாவது இவற்றை மறுக்க முடியாது. வேறு பணிக்கு எழுத்தில் ஆணை கேட்பது உங்கள் உரிமை. இதே சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது, அதில் பாடத் தயாரிப்பு நேரமும் அடக்கம். சங்கக் கூட்டத்தில் கையில் வைத்திருக்க வேண்டிய எண் அது.

ஒருநாள் மன அழுத்தப் பயிற்சி, யோகா?

ஒருநாள் பயிற்சியின் பலன் பிரியாணி செரிக்கும்வரை. அதே ஆறு மணி நேரத்தை வாரம் 45 நிமிடமாக எட்டு வாரம் பிரித்தால், கற்றதை இடையில் வகுப்பில் செய்து பார்க்க முடியும். யோகா பிடித்தால் செய்யுங்கள். 4:30-க்கு எழுந்து சமைத்து 6:15 பஸ் பிடிக்கும் ஆசிரியையிடம் காலையில் யோகா செய்யச் சொல்வது கூடுதலாக ஒரு வேலை கொடுப்பது.

மனநல மருத்துவரைப் பார்த்தால் பணிப்பதிவேட்டில் ஏறுமா?

புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வருவது துறைக்குத் தெரிய வழியில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மருத்துவ விடுப்பு எடுத்தால்தான் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தப்பில்லை.

தனியார் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா?

பாதி நடக்காது. சம்பளம் குறைவு, விடுப்பு எடுத்தால் பிடித்தம், கோடையில் அட்மிஷனுக்காக வீடு வீடாகப் போகச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே திறனைவிட வரம்பு முக்கியம்: பெற்றோருக்குச் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், கூடுதல் பொறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். நோட்டில் ஒரு பருவம் முழுக்க எண் ஏறவில்லையென்றால் வேறு பள்ளி தேடுங்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கோடை விடுமுறைக்குப் பின் சரியாகிவிடுகிறது. அப்புறம் ஏன் கவலைப்பட வேண்டும்?

விடுமுறையின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆடிப்பெருக்குக்குள் பழைய நிலைதான். அந்தத் தெம்பு இருக்கும்போதே, ஜூன் முதல் வாரத்தில், சப்ஸ்டிட்யூட் பட்டியல், நோட்டுத் திருத்தத் தீர்மானம், வாட்ஸ்அப் நேரம் மூன்றையும் கூட்டத்தில் வைத்துவிடுங்கள். அக்டோபரில் மழை தொடங்கியபின் இதற்கெல்லாம் கூட்டம் போட யாருக்கும் நேரமிருக்காது.